"இது எந்தப் படத்துப் பாட்டு?" மதுரைப் பக்கம் ஒரு சிந்த் பாப் சிங்கிள் பெற்ற வரவேற்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஆடியில் நாங்கள் மூன்று பேர் செல்லூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பண்ணி வெளியிட்டோம். 1980-களின் சிந்தசைசர் (மின்சாரத்தில் சத்தம் உண்டாக்குகிற கீபோர்டு) சத்தம், ஆட்டத்துக்கான தாளம், தமிழ் வரிகள். சிந்த் பாப் என்பது இந்த வகைதான். சினிமாவுக்காகப் பண்ணியது இல்லை. தனிப் பாட்டு, இப்போது எல்லோரும் சொல்கிற மாதிரி 'சிங்கிள்'. ஏழு மாதம் அதை யாரும் சீந்தவில்லை. அப்புறம் அதைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினோம். 2024 பங்குனியிலிருந்து மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் மைக்செட்டுகளில் அது தானாக ஓட ஆரம்பித்தது. மெட்டு அதேதான், வரி அதேதான், பாடிய குரலும் அதேதான். நடுவில் என்ன மாறியது என்பதை ஒளிக்காமல் எழுதி வைக்க நினைக்கிறேன். எங்களைப் போல வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பண்ணுகிற பிள்ளைகள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் ஏழு மாதத்தை வீணாக்க வேண்டாம். பாட்டின் பெயரை மட்டும் எழுதவில்லை, எழுதினால் விளம்பரமாகிவிடும்.

ஆட்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் கீபோர்டு வாசிக்கிறவன். இருபது வருஷமாக மதுரை வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, கோயில் பொங்கல் என்று எல்லா விசேஷமும் பார்த்தாயிற்று. வரி எழுதிய தம்பி பகலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பாடியவர் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர். அவரை நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம்.

எதைப் பார்த்து ஆரம்பித்தோம்

2020-இல் ஊரடங்கு வந்ததும் எங்கள் தொழில் ஒரே நாளில் நின்றது. அந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மே 4-ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணத்தை வீட்டில் போனில் பார்த்தோம். சித்திரை போனால் எங்களுக்கு வருஷத்தில் பாதி வருமானம் போன மாதிரி. கீபோர்டு உறையைக் கழற்றக்கூட மனசு வராமல் கிடந்த நாளில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மொட்டை மாடியில் ஒரு பாட்டுக்குத் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தார்கள். கனடாப் பாடகர் தி வீக்கெண்ட் பாடிய 'பிளைண்டிங் லைட்ஸ்'. உலகம் முழுக்கக் குடும்பம் குடும்பமாக வீட்டுக்குள்ளேயே அந்தப் பாட்டுக்கு ஆடி வீடியோ போட்ட நேரம் அது.

அந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எங்கள் பாட்டு அதிலிருந்துதான் பிறந்தது. 2019 நவம்பர் 29-இல் வந்தது. மூன்று நிமிடம் 20 விநாடி. நிமிடத்துக்கு 171 அடி வேகம். மேக்ஸ் மார்ட்டினும் ஆஸ்கர் ஹோல்ட்டரும் வீக்கெண்டோடு சேர்ந்து தயாரித்தார்கள். கேட்ட மாத்திரத்தில் 1980-களின் பாட்டு என்று தோன்றும், ஆனால் ஒலி புத்தம் புதுசாக இருக்கும். அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4 வாரம் முதலிடம், 57 வாரம் முதல் பத்துக்குள், மொத்தம் 90 வாரம் பட்டியலில். 2021 நவம்பரில் பில்போர்டு அதைத் தன் பட்டியல் வரலாற்றிலேயே முதலிடம் பெறுகிற பாட்டு என்று அறிவித்தது. அதுவரை அந்த இடத்தில் இருந்தது 1960-களின் 'தி ட்விஸ்ட்'. இவ்வளவு ஓடிய பாட்டுக்கு 2021 கிராமி விருதில் ஒரு பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. ஒரு பாட்டை யார் வரவேற்கிறார்கள் என்ற கேள்வி எனக்குள் விழுந்தது அங்கேதான். நடுவர் குழு தொடாத பாட்டை மொட்டை மாடிப் பிள்ளைகள் தூக்கி வைத்து ஆடினார்கள்.

நான் அதைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். நேரம்தான் கிடக்கிறதே. 1980-களின் சத்தம் என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் நாலைந்து பெட்டிகளின் சத்தம். ரோலண்ட் டி.ஆர்-808 தாளப் பெட்டி 1980-இல் வந்தது. லின்ட்ரம் 1982. யமஹா டி.எக்ஸ்-7 கீபோர்டு 1983. கோயில் மணி மாதிரி கணீரென்ற சத்தம் அந்தக் கீபோர்டுக்கு உண்டு. ஜூனோ-106 1984, மெத்தென்று விரியும் சத்தம். இந்தப் பெட்டிகளை ஒன்றோடொன்று பேச வைக்கிற மிடி என்ற ஏற்பாடும் 1983-இல்தான் வந்தது. இன்றைக்கு இந்தப் பெட்டிகள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் அதே சத்தம் தருகிற மென்பொருள்கள் இருக்கின்றன, டி.எக்ஸ்-7 மாதிரி ஒலிக்கிற ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. மூன்று வருஷம் கற்றுக்கொண்டேன். 2023-இல் தம்பி ஒரு வரியோடு மாடி ஏறி வந்தார்:

கடைசி வண்டி போயிருச்சு
கடை வெளக்கு அணையலையே

பெரியார் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிற ஒரு பையனும் பெண்ணும். தூங்கா நகரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதல் வடிவம்

ராத்திரி பத்துக்கு மேல்தான் பதிவு செய்வோம். பக்கத்தில் தறி ஓடுகிறது, பகலில் மைக்கைத் திறந்தால் டக்கடி டக்கடி என்று அதுவும் உள்ளே வந்துவிடும். வேகம் 168 வைத்தேன். நீளம் மூன்று நிமிடம் 20 விநாடி, கணக்காக அந்தப் பாட்டின் நீளமே. பேஸ் சிந்த், அதாவது கீழ்ச் சத்தம் தருகிற சிந்தசைசர், ஒரே சுரத்தில் தட்தட்தட்தட் என்று ஓடும். கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) மாறினால் அதுவும் மாறும், அதற்கு மேல் அசையாது. ஸ்னேர் டிரம் சத்தத்துக்குப் பெரிய எக்கோ கொடுத்து அதை நடுவில் கத்தரித்தாற்போல் வெட்டினேன். கேட்டட் ரிவெர்ப் என்று பெயர், 1980-ஐ ஒட்டி லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் பிறந்து உலகம் முழுக்கப் போன உத்தி. டீச்சரின் குரலைக் கனவில் கேட்கிற மாதிரி பின்னால் தள்ளி மிதக்க விட்டேன். முடித்துவிட்டு ஹெட்போனில் கேட்டபோது மூன்று பேருக்கும் கண் கலங்கியது. அது நிஜம்.

வெளியிட்டோம். சொந்தக்காரர்கள், குழு நண்பர்கள், தம்பியின் ஸ்டாண்ட் ஆட்கள் எல்லோரும் இதயம் போட்டார்கள். அதிகம் கேட்ட வாசகம், "அண்ணே, வெளிநாட்டுப் பாட்டு மாதிரியே இருக்குண்ணே." அன்றைக்கு அதைப் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இந்த ஆய்வில் ஒரே ஒரு வாசகத்தை வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைப்பேன். எங்கள் பிழை முழுக்க அந்த 'மாதிரியே'யில் இருந்தது.

இரண்டாவது வாரம் வேறொரு சங்கடம். பாட்டை விநியோகித்த நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது, எங்கள் பாட்டு வேறொருவர் பாட்டோடு ஒத்துப்போகிறதாம். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரு தாளத் துணுக்கையே வேறு யாரோ வெளியூரில் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறார். இயந்திரம் இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிட்டது. ஒன்பது நாள் எங்கள் வீடியோக்கள் சத்தமில்லாமல் ஓடின. ரசீதை அனுப்பினோம், தானியங்கிப் பதில் வந்தது. திரும்ப அனுப்பினோம். பத்தாவது நாள் சரியானது. பாட்டுக்கு முதல் மாதம்தான் உயிர், அதில் ஒன்பது நாள் ஊமை. ஆனாலும் பாட்டு ஓடாததற்கு இதைக் காரணம் சொல்லித் தப்பிக்க மாட்டேன். இரண்டாம் வடிவத்தில் அந்தத் துணுக்கை எடுத்துவிட்டு எல்லா அடியையும் கையால் தட்டினேன். மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

மண்டபம்

ஆவணியில் திருமங்கலத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். எங்கள் குழுதான். மாப்பிள்ளை நண்பர், அவர் கேட்டுக்கொண்டதால் பாட்டைப் போட்டோம். ஏற்கெனவே நாற்பது பேர் மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாட்டின் முன்னிசை வந்தது, கை தூக்கினார்கள். பல்லவி வந்தது, போனை எடுத்து வீடியோ எடுத்தார்கள். சரணத்துக்குள் ஒவ்வொருவராக நகர்ந்து தண்ணீர் பாட்டில் பக்கம் போய்விட்டார்கள். கடைசியில் மாப்பிள்ளையின் சித்தி மகன் ஒருவன் மட்டும் விடாமல் குதித்துக்கொண்டிருந்தான். பாசக்காரப் பையன்.

கீபோர்டுக்குப் பின்னால் நின்று அவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாக ஆட்டக் கால்களைப் பார்த்து வாசிக்கிறவன் நான், அன்றைக்குத்தான் என் பாட்டுக்கு அந்தக் கால்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தேன். 168 வேகத்துக்கு ஒவ்வொரு அடிக்கும் கால் வைத்தால் மூச்சு வாங்குகிறது. ஒன்று விட்டு ஒன்று வைத்தால் 84, நடை மாதிரி ஆகிவிடுகிறது. நடுவில் அவர்களுக்கு இடமே இல்லை. அதோடு நம் பக்கத்துக் குத்து, தவிலும் பறையும் கொடுக்கிற திஸ்ர நடையில் போகும். ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று. சிந்த் பாப் சதுஸ்ரம், அடிக்குள் நாலு, கட்டம் போட்ட மாதிரி நேராக. நம் பிள்ளைகளுக்கு நாலு தெரியாமல் இல்லை, சினிமாவில் எத்தனையோ கேட்டு ஆடுகிறார்கள். ஆனால் அது மூன்றாக மாறுகிற ஒரு இடத்துக்காக அவர்கள் உடம்பு காத்திருக்கிறது. எங்கள் பாட்டில் அந்த இடம் வரவே இல்லை.

இன்னொன்றும் அன்றைக்குக் காதில் விழுந்தது. நான் அவ்வளவு பாடுபட்டு வெட்டிய எக்கோவைக் காணவில்லை. கிரானைட் தரை, வெறும் சுவர், உயரமான கூரை, இப்படிப்பட்ட மண்டபத்தில் கை தட்டினாலே இரண்டு மூன்று விநாடி சுற்றி வரும். சத்தத்தை வெட்டி நான் உண்டாக்கிய இடைவெளியை மண்டபம் தன் எக்கோவால் நிரப்பிவிட்டது. ஹெட்போனில் அழகாகக் கேட்ட உத்தி, அங்கே வெறும் இரைச்சலாகக் கேட்டது.

பெரியவர் சொன்னது

அந்த மண்டபத்துக்கு மைக்செட் போட்டவர் எழுபதை நெருங்குகிறவர். அகுஜா ஆம்ப்ளிஃபயர், கூம்புக் குழாய் ஸ்பீக்கர், தகரப் பெட்டியில் கேசட்டுகள் என்று 1980-களிலிருந்து அதே தொழில். வயரைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"தம்பி, ஒம் பாட்டு நல்லாத்தான்யா இருக்கு. ஆனா எல்லாம் மேலயே நிக்குது. கீழ ஒண்ணும் நடக்கலையே."

"பேஸ் வச்சிருக்கேனேய்யா, நல்லாக் கூட்டித்தான் வச்சிருக்கேன்."

"சத்தம் இருக்குப்பா. நடக்கலைன்னு சொல்றேன். நாளைக்கி வீட்டுக்கு வா, கேட்டுட்டுப் பேசுவோம்."

போனேன். சிம்மக்கல் பக்கம் ஒடுக்கமான சந்து, சின்ன வீடு. காப்பி கொடுத்தார்கள். அவர் ஒரு கேசட்டை எடுத்து விரலால் சுற்றிச் சரிசெய்து பிளேயரில் போட்டார். டி.டி.கே. அறுபது நிமிடக் கேசட், கடையில் சீட்டு எழுதிக் கொடுத்து விரும்பின பாட்டைப் பதிந்து வாங்குவோமே, அந்த வகை. அட்டையில் நீல மையில் பாட்டு வரிசை. நாடா தேய்ந்திருந்தது, சுருதி லேசாக ஆடியது. இளையராஜா பாட்டுகள். நான் ஆயிரம் தடவை மேடையில் வாசித்தவைதான். அவர் பாட்டை நிறுத்தவே இல்லை. ஆள்காட்டி விரலைக் காற்றில் மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது, அவர் விரல் பாடகரோடு போகவில்லை. பேஸ் கிட்டாரோடு போய்க்கொண்டிருந்தது. அது மேலே ஏறுகிறது, படி படியாக இறங்குகிறது, பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் பதில் சொல்கிறது. ஒரு நொடிகூட ஒரே சுரத்தில் நிற்கவில்லை.

நாங்கள் எதைத் தவறவிட்டோம் என்பதை அந்த விரல் காட்டியது. ரெட்ரோ என்றால் பழசை நினைவூட்டுவது. சரி, யாருடைய பழசு? 1980-களின் அமெரிக்க வானொலியோ லண்டன் கிளப்போ மதுரையில் யாருக்கும் நினைவில் இல்லை. இந்த ஊருக்கும் ஒரு 1980-கள் இருந்தது, அதிலும் இதே சிந்தசைசர்கள் ஒலித்தன. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரைக் கொண்டு இசையமைத்தார், மிடி வந்த மூன்றே வருஷத்தில். அப்போது மதுரை மாவட்டமாக இருந்த பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பிப் போனவர் அவர். டீக்கடையில், டவுன் பஸ்ஸில், கோயில் குழாயில் எங்கள் அப்பா அம்மா கேட்டது அந்தச் சிந்த். அதில் இயந்திரம் உண்டு, ஆனால் கீழே பேஸ் நடக்கும், மேலே வயலின் கூட்டம் பேசும், குரல் முன்னால் நிற்கும். நான் இந்த ஊரின் நினைவை விட்டுவிட்டு வேறு ஊரின் நினைவைக் கடன் வாங்கியிருந்தேன். இருபது வருஷமாக விரலில் இருந்ததை வீட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டேன். அதுதான் வலிக்கிறது.

பறை

திரும்பக் கட்டும்போது எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: பறை சேர்த்துவிடு, ஓடிவிடும். நானும் நம்பினேன். அலங்காநல்லூர் பக்கத்திலிருந்து ஒரு பறைக் கலைஞர் வந்தார். மாடியிலேயே சின்னதாகத் தீ மூட்டித் தோலை வாட்டினார். சூட்டில் தோல் இறுகிச் சத்தம் ஏறும், ஆற ஆறத் தளரும், அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வாட்ட வேண்டும். அவர் அடித்த முதல் அடியில் அறை ஜன்னல் அதிர்ந்தது. அவ்வளவு அழகான பதிவு நான் அதுவரை எடுத்ததில்லை.

ஆனால் பாட்டோடு ஒட்டவில்லை. அவர் அடி கட்டத்துக்குள் நிற்காது. ஒரு அடி கொஞ்சம் முந்தும், அடுத்தது கொஞ்சம் தங்கும், அந்த முந்தலிலும் தங்கலிலும்தான் ஆட்டமே இருக்கிறது. நான் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு அடியாகப் பிடித்து இழுத்துக் கோட்டில் ஒட்டவைத்தேன். இரண்டு ராத்திரி வேலை. மூன்றாம் நாள் அவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். முழுசும் கேட்டார். கோபமெல்லாம் இல்லை, நிதானமாகச் சொன்னார்:

"அண்ணே, சத்தம் என் பறைதான். ஆனா அடி என் அடி இல்லையேண்ணே."

அன்றைக்கே அந்தத் தடத்தை முழுக்க எடுத்துவிட்டேன். அவருக்குப் பேசிய பணத்தைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ஒருவருடைய வாசிப்பை நறுக்கி அலங்காரமாக ஒட்டினால் அது மண்வாசனை ஆகிவிடாது. நாட்டுப்புற வாத்தியம் ஒன்றைத் தூவினால் பாட்டு ஊர்ப் பாட்டாகிவிடும் என்ற எண்ணம் இப்போது நிறையப் பேருக்கு இருக்கிறது, எனக்கும் இருந்தது. அதை அவர் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவைத்தார்.

குழாய்க்காக மிக்ஸ் பண்ணுவது

இரண்டாம் வடிவத்தின் வேகம் 132. பாட்டு நாலு நிமிடத்தைத் தாண்டிவிட்டது, தாண்டட்டும் என்று விட்டோம். பேஸை சிந்திலேயே வைத்துக்கொண்டு நடக்க வைத்தேன். பல்லவிக்கு மட்டும் பதினோரு தடவை மாற்றி வாசித்தேன். டீச்சரின் குரலை முன்னால் கொண்டுவந்து எக்கோவைப் பாதியாகக் குறைத்தேன். நம் ஆட்கள் முதலில் வார்த்தையைத்தான் கேட்பார்கள். வார்த்தை கேட்காத பாட்டு அவர்களுக்குப் பாதிப் பாட்டு. ஸ்னேரில் கேட்டட் ரிவெர்ப்பை எடுத்துவிட்டு வறட்டென்ற கைதட்டல் வைத்தேன், மண்டபம் தானே எக்கோ கொடுத்துக்கொள்ளும். கடைசிப் பல்லவிக்கு முன்னால் எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), அடி அதே வேகத்தில் இருக்க உள்ளே மட்டும் நாலு மூன்றாக மாறும். தவில்காரர்கள் சொல்கிற நடை மாற்றம்தான். சிந்தில் சுரங்களைத் தானாக வரிசையாக வாசிக்கிற ஆர்பெஜியேட்டரை அந்த இடத்தில் மூன்றுக்கு மாற்றிவிட்டேன், அவ்வளவுதான். பறை இல்லாமலே கால் தூக்கியது.

இதற்கு மேல் ஒரு வேலை இருந்தது. பெரியவர்தான் சொன்னார், "பாக்ஸ்ல கேட்டதெல்லாம் போதும், அங்கிட்டு குழாய்ல போட்டுப் பாரு." கூம்புக் குழாய்க்குத் தடை உண்டு, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை எந்த ஒலிபெருக்கியும் வெளியில் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதியும் உண்டு. ஆனாலும் கிராமத்தில் குழாய் போகவில்லை. அவர் வீட்டு மொட்டை மாடியில் மத்தியான நேரம், சத்தத்தைக் குறைத்து வைத்து ஒரே ஒரு குழாயில் போட்டுக் கேட்டோம்.

குழாய்க்குப் பொதுவாக 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வராது. கிக் டிரம்மின் அடிநாதம் 50, 60 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41. அதனால் நான் பதினோரு தடவை மாற்றி நடக்க வைத்த பேஸ் குழாயில் அடியோடு காணாமல் போனது. இதற்கு ஒரு வழி உண்டு. பேஸை லேசாகக் கரகரக்க வைத்தால் அதன் மேல் நாதங்கள் எழும்பும். 80 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு 160, 240, 320, 400 என்று அடுக்கு. அடிநாதம் வராவிட்டாலும் மேலடுக்கைக் கேட்டு நம் மூளையே அடிநாதத்தைக் கற்பித்துக்கொள்ளும். அப்படிச் செய்தேன். முன்னிசை மெட்டை ஒரு ஸ்தாயி மேலேயும் சேர்த்து இரட்டிப்பாக்கினேன். திரும்பக் குழாயில் போட்டோம். பெரியவர் விரல் காற்றில் எழுந்தது, மேலும் கீழும் நடந்தது.

எதிர்பாராத லாபம் ஒன்று: கைபேசியின் குட்டி ஸ்பீக்கருக்கும் இதே வியாதிதான், அதிலும் அடிநாதம் வராது. குழாய்க்குச் சரிசெய்ததும் போனிலும் பாட்டு நிமிர்ந்துவிட்டது. எங்கள் பாட்டை இன்றைக்குக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் இயர்போன்கூட இல்லாமல் போனை மேசையில் வைத்துக் கேட்கிறவர்கள். முதல் வடிவத்தை நான் ஹெட்போனில் கேட்டுக் கேட்டே மிக்ஸ் பண்ணியிருந்தேன்.

இரண்டாம் வரவேற்பு

பெரிதாக அறிவிக்கவில்லை. பெரியவர் தன் பென் டிரைவில் போட்டுக்கொண்டார், மற்ற மைக்செட்காரர்களுக்கும் கொடுத்தார். இவர்கள் ஒருவருக்கொருவர் பென் டிரைவ் மாற்றிக்கொள்வார்கள், ஊர் ஊராகப் பாட்டு போவது அந்த வழியில்தான். தம்பி தன் ஸ்டாண்டில் கொடுத்தார். ஷேர் ஆட்டோவில் பின்சீட்டுக்கு அடியில் ஸ்பீக்கர், காலடியில் பேஸ் நடக்கிறது என்று ஒரு காலேஜ் பிள்ளை கேட்டாளாம், "அண்ணே, இந்தப் பாட்டை அனுப்பி விடுங்கண்ணே."

பங்குனியில் மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் விசேஷத்துக்கு எங்கள் குழு போயிருந்தது. மேடை கட்டிக்கொண்டிருந்த சாயங்கால நேரம், மைக்செட்டில் எங்கள் பாட்டு ஓடியது. நாங்கள் போடச் சொல்லவில்லை. பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா வாய்க்குள் முன்னிசையை முணுமுணுத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இந்தப் பாட்டுத் தெரியுமாக்கா?"

"தெரியாம என்ன தம்பி. இது எந்தப் படத்துப் பாட்டு, பேருதான் வரமாட்டேங்குது. நான் எட்டாப்புப் படிக்கிறப்ப டவுன் பஸ்ல போடுவான்."

"படத்துப் பாட்டு இல்லக்கா. நாங்க பண்ணது. போன வருஷம்."

அவர் என்னை நம்பவில்லை. "அட போங்க தம்பி" என்று சிரித்துவிட்டுப் பானைக்குத் திரும்பிவிட்டார். நான் அந்த இடத்தை விட்டு நகர முடியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். கேட்டிராத பாட்டு ஒன்று அவருக்கு எட்டாம் வகுப்பையும் டவுன் பஸ்ஸையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. எங்களுக்கு அதைவிடப் பெரிய விருது இல்லை.

அதே கேள்வியில் ஒரு வருத்தமும் உண்டு. 'எந்தப் படம்' என்று அதற்குப் பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். பாட்டு என்றால் அதற்குப் பின்னால் ஒரு படம் இருந்தாக வேண்டும், ஒரு நடிகர் ஆடியிருக்க வேண்டும் என்ற நினைப்பு இங்கே அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. கோயில் பாட்டு, கட்சிப் பாட்டு, சினிமாப் பாட்டு, இந்த மூன்றுக்கும் வெளியே நிற்கிற பாட்டுக்கு இந்த ஊரில் இன்னும் ஒரு பெயர் இல்லை. பாட்டு பிடித்தவர்கள்கூடப் பண்ணியவர்கள் யார் என்று கேட்பதில்லை. மேலூரில் அந்த அக்கா அருகில் நின்றபோது எனக்கு இதுவும் சேர்ந்தே தைத்தது.

ராத்திரி மேடையில் அதையே நேரடியாக வாசித்தோம். நடை மாறுகிற எட்டு ஆவர்த்தனத்தில் முன்வரிசைப் பையன்கள் கிளம்பிவிட்டார்கள். திருமங்கலத்தில் தண்ணீர் பாட்டில் பக்கம் போன அதே வயசுப் பிள்ளைகள். நாற்காலியில் இருந்த பெண்கள் உட்கார்ந்தபடியே கை தட்டினார்கள், கும்மிக்குத் தட்டுகிற தட்டு.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைக்செட்டில் ஓடுவதால் எங்களுக்கு ஒரு ரூபாயும் வராது. 2012-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டதும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி உரிமை உறுதியானது. தம்பி பெயரையும் என் பெயரையும் எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிற ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் பதியும் வேலை நடக்கிறது. ஆனால் இந்தப் பாட்டினால் எங்கள் குழுவுக்குப் புதிதாக விசேஷங்கள் வருகின்றன. இப்போதைக்கு வருமானம் அதுதான். மூன்று பங்காகப் பிரித்துக்கொள்கிறோம்.

அலங்காநல்லூர்க் கலைஞரைத் திரும்பக் கூப்பிட்டோம். பதிவுக்கு அல்ல, மேடைக்கு. மேடையில் இயந்திரத் தாளத்தை நடை மாற்றத்தில் நிறுத்திவிடுகிறோம். அந்த இடத்தில் அவர் பறைதான் தாளம், நான் என் சிந்தைக் கையால் அவர் பின்னாலேயே வாசிக்கிறேன். அவர் முந்தினால் நானும் முந்துகிறேன், தங்கினால் தங்குகிறேன். இரண்டு மேடை அப்படி வாசித்தாயிற்று. அவருக்கு எட்டு ஆவர்த்தனம் போதவில்லை, பதினாறு கேட்கிறார். பதினாறு முடிந்து கடைசிப் பல்லவியை எடுக்கத் தனக்குச் சுருதி பிடிபடவில்லை என்கிறார் டீச்சர். பன்னிரண்டு வைத்துப் பார்த்தோம், அது பறைக்கு நடுவில் நிற்கிறது. அடுத்த விசேஷம் ஆடி வெள்ளியில், வாடிப்பட்டிப் பக்கம். அதற்குள் முடிவு பண்ண வேண்டும்.